சீனச் செவ்வியல் புதினங்களின் இலக்கியப் பண்புகள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



உருசியப் புதினங்களும் பிரெஞ்சுப் புதினங்களும் இவ்வட்டத்தில் முன்னரே விரிவாகப் பேசப்பட்டுள்ளன. எனவே கீழ்த்திசையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுமாறு அமைப்பாளர்கள் பணித்தனர். நான் சீனத்தைத் தேர்ந்துகொண்டேன். ஆங்கில மொழிபெயர்ப்புகளின் வழியாகவே இந்நூல்களைக் கற்றவள் நான். ஆந்தனி யூ 1977 முதல் 1983 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட ‘மேற்றிசைப் பயணம்’, டேவிட் ஆக்சும் ஜான் மின்ஃபோர்டும் 1973 முதல் 1986 வரை ஐந்து தொகுதிகளாகத் தந்த ‘செம்மாடக் கனவு’, மாஸ் ராபர்ட்ஸ் 1991இல் முழுமையாகப் பெயர்த்த ‘மூன்று அரசுகள்’ ஆகியவை என்போன்றோர்க்குப் பெருந்துணை. ஓசைநயம், சொல்நயம் ஆகியவற்றைப் பற்றி நான் மிகுதியாகப் பேசப் போவதில்லை. மொழிபெயர்ப்பிலும் தங்கி நிற்கும் பண்புகளைப் பற்றியே பேசுவேன்.

புதினத்தைக் குறிக்கச் சீனர் வழங்கும் சொல் ‘சியாவ்ஷுவோ’ என்பது. ‘சிறு பேச்சு’ என்பது அதன் நேர்ப்பொருள். கி.பி. முதல் நூற்றாண்டில் ஹான் பேரரசின் வரலாற்றை எழுதிய பான் கூ, அறிவுத்துறையினரைப் பத்து வகையினராகப் பகுத்தார். தெருவிலும் சந்திலும் கேட்டதைத் திரட்டிச் சொல்லும் சிறுபேச்சுக்காரரைப் பத்தாவதாக வைத்தார். வைத்துவிட்டு, கருதத்தக்க வகையினர் ஒன்பதின்மரே என்றும் எழுதி முடித்தார்! அந்தப் பத்தாம் இடத்தின் இழுக்கு நெடுங்காலம் இவ்விலக்கிய வகையை விட்டு நீங்கவில்லை. கவிதையும் வரலாறும் இயற்றியோர் தம் பெயரைப் பெருமையுடன் பொறித்துக்கொண்டனர். புதினம் இயற்றியோரோ பெயரை மறைத்தனர். 1592இல் நான்கிங்கில் அச்சான ‘மேற்றிசைப் பயணம்’ ஆசிரியர் பெயரின்றியே வெளிவந்தது. வூ செங்கென் அதன் ஆசிரியர் என்பது பிற்காலத்தார் கருத்து. ‘பொற்சாடியில் பிளம் மலர்’ என்னும் நூலை எழுதியவர் ‘லான்லிங் ஊர் நகைப்பாளர்’ என்ற புனைபெயருக்குள் மறைந்துகொண்டார். அவர் யார் என்பது இன்றுவரை தீராத வழக்கு.

ஆறு நூல்களைத் தலையாயவை என்பர். லோ குவான்சோங் இயற்றியதாகக் கருதப்படும் ‘மூன்று அரசுகள்’, ஷி நையான் பெயரால் வழங்கும் ‘நீர்க்கரை’, முற்கூறிய ‘மேற்றிசைப் பயணம்’, ‘பொற்சாடியில் பிளம் மலர்’ ஆகிய நான்கும் மிங் பேரரசுக் காலத்தன. வூ ஜிங்சுவின் ‘புலவர் உலகின் புறவரலாறு’, சாவ் சுவேச்சினின் ‘செம்மாடக் கனவு’ ஆகிய இரண்டும் 18ஆம் நூற்றாண்டில் சிங் பேரரசுக் காலத்தில் தோன்றியவை.

இவற்றின் வேர் கதைசொல்லிகளின் மேடையில் இருக்கிறது. சோங் பேரரசின் தலைநகராக விளங்கிய கைஃபெங்கில் கூத்தும் பாட்டும் கதையும் நிகழ்வதற்கென்றே தனி அரங்கப் பகுதிகள் இருந்தன. அந்நகரம் பகைவர் கைப்பட்ட பின், அதன் நினைவுகளை மெங் யுவான்லாவ் 1147இல் முன்னுரை வரைந்து நூலாக்கினார். மூன்று அரசுகளின் கதையை மட்டுமே சொல்வதில் தேர்ந்த கலைஞரை அவர் பெயர் சுட்டிக் குறிக்கிறார். புதினத்தின் இயலுக்குச் சீனர் இட்ட பெயரும் இதனையே காட்டும். ‘ஹுவெய்’ என்றால் ‘ஒரு தடவை’ என்று பொருள். கதைசொல்லி ஒருமுறை அமர்ந்து சொல்லும் அளவு. ஓங்கிய வாள் இறங்குமுன், தட்டிய கதவு திறக்குமுன் இயல் முடிந்துவிடும். மேலே என்ன நிகழ்ந்தது என்பதை அடுத்த இயலில் கேளுங்கள் என்று ஆசிரியர் விடைபெறுவார். காசு தண்டும் தட்டு அவையைச் சுற்றிவந்த நேரம் அது என்று எண்ணத் தோன்றுகிறது! மேடை போய் அச்சு வந்த பின்னும் இந்த மரபை எவரும் கைவிடவில்லை. தனியறையில் தமக்குத் தாமே எழுதிய சாவ் சுவேச்சினும் அதனைப் போற்றினார். ஒவ்வோர் இயலின் தலைப்பும் இரண்டு அடிகளால் ஆனது. இரண்டும் சொல்லுக்குச் சொல் எதிர்நின்று இணையும். ஓரடி ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால், மற்ற அடி அதற்கு ஒத்தோ மாறாகவோ நிற்கும் இன்னொன்றைச் சொல்லும். இந்த இணைநோக்கு தலைப்போடு நிற்பதில்லை; நூலின் உடல் முழுவதும் அதனாலேயே கட்டப்பட்டிருக்கிறது.

மொழியைப் பற்றி ஒன்று. ஆட்சியிலும் தேர்விலும் வழங்கியது பழைய இலக்கிய நடை. ‘மூன்று அரசுகள்’ அந்நடையை எளிமைப்படுத்திக்கொண்டது. ஏனையவை மக்கள் பேச்சுக்கு அணுக்கமான நடையில் அமைந்தன. 1917இல் ஹூ ஷி இலக்கியச் சீர்திருத்தக் குரல் எழுப்பியபோது, பேச்சுநடையில் பேரிலக்கியம் படைக்க முடியும் என்பதற்குச் சான்றாக இந்தப் பத்தாம் இடத்து நூல்களையே எடுத்துக்காட்டினார்.

இனி என் உரையின் நடுவண் செய்திக்கு வருகிறேன். இப்புதினங்கள் மீது மேலைத் திறனாய்வு நெடுங்காலமாகச் சாட்டிய குற்றங்கள் இரண்டு. கட்டுக்கோப்பு இல்லை, நிகழ்ச்சிகள் மணிகளைப் போலக் கோக்கப்பட்டுள்ளனவே அன்றி வளரவில்லை என்பது ஒன்று. பாத்திரங்களின் உள்மனம் காட்டப்படவில்லை என்பது மற்றொன்று. நம் வகுப்பறைகளிலும் புதினம் என்றால் தொடக்கம், வளர்ச்சி, உச்சம், முடிவு என்று ஒரு கோடு கிழித்துக் காட்டுகிறோம். அக்கோட்டை வைத்து அளந்தால் சீனப் புதினம் கோணலாகத்தான் தெரியும்.

அந்நூல்களின் சொந்தக் கணக்கு வேறு. ‘மூன்று அரசுகள்’ 120 இயல்கள் கொண்டது. உடன்பிறவாச் சகோதரராக ஆணையிட்டுக்கொண்ட மூவரில் குவான் யூ 77ஆம் இயலில் மறைகிறார். ஜாங் ஃபெய் 81இல், லியூ பெய் 85இல். அறிவின் வடிவாகிய ஜூகே லியாங் 104இல் போர்ப்பாசறையிலேயே உயிர்விடுகிறார். அதன் பின்னும் 16 இயல்கள் நீள்கின்றன. கி.பி. 280இல் நாடு ஒன்றாகும்போது, மூன்று அரசுகளில் எதுவும் வெல்லவில்லை. இடையில் வந்த சிமா குடியினர் அனைத்தையும் அடைகின்றனர். ‘பொற்சாடியில் பிளம் மலர்’ 100 இயல். அதன் தலைவன் சிமென் சிங் 79இல் இறக்கிறான். ‘செம்மாடக் கன’வின் 120 இயல்களில் லின் தாய்யூவின் சாவு 98ஆம் இயலோடு முடிகிறது. உச்சம் முக்கால் பங்கில் வருகிறது. எஞ்சிய கால் பங்கு, நிறைந்த கூடம் ஒவ்வொருவராய் எழுந்துபோய் வெறிச்சோடுவதைக் காட்டுகிறது. கூடுதலும் பிரிதலும் என்பதே இவற்றின் இயக்கம். திருமண வீட்டில் பந்தல் பிரிக்கும்போது உடனிருந்தவர்க்கு இந்தக் கால் பங்கின் பொருள் விளங்கும். ஆண்ட்ரூ பிளாக்ஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வில் மிங் காலப் புதினங்களின் இவ்வமைப்பை நுணுகி விளக்கியுள்ளார்.

‘நீர்க்கரை’ இதற்குத் தக்க சான்று. 108 வீரர்கள் ஒவ்வொருவராய் ஊழலாட்சியால் துரத்தப்பட்டு லியாங்ஷான் சதுப்புநிலக் கோட்டையில் வந்து சேர்கின்றனர். 71ஆம் இயலில் அவை நிறைகிறது. பின்னர் அரசின் மன்னிப்பை ஏற்று, அரசுக்காகவே வேறு கிளர்ச்சியாளரோடு போரிட்டு அழிகின்றனர். தலைவன் சோங் ஜியாங் அரண்மனை அனுப்பிய நஞ்சு கலந்த மதுவால் மாள்கிறான். 1641இல் ஜின் ஷெங்தான் என்னும் உரையாசிரியர் இந்நூலைக் கையிலெடுத்தார். கூடும் இடத்தோடு கதையை வெட்டினார். வீரர் அனைவரும் கொல்லப்படுவதாக ஒரு கனவை மட்டும் இறுதியில் சேர்த்து, 70 இயலாக்கி, பழைய ஏடு தம்மிடம் கிடைத்ததென்று சொல்லி வெளியிட்டார். ஏறத்தாழ 300 ஆண்டுகள் சீனம் இந்த வெட்டிய நூலையே விரும்பிப் படித்தது. ஜின் ஷெங்தானின் கத்தி கூர்மையானது. உரைநடை அவர் கையில் இறுகியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கூடியவர் பிரியாத ‘நீர்க்கரை’ பாதி ‘நீர்க்கரை’தான் என்பது என் கருத்து.

எனினும் இவ்வுரையாசிரியர்களுக்குப் புதினம் பட்ட கடன் பெரிது. மூலத்தின் வரிகளுக்கிடையிலும் இயல்களின் முகப்பிலும் உரை எழுதி, மூலத்தோடு சேர்த்தே அச்சிட்டனர். ‘மூன்று அரசுக’ளுக்கு மாவ் சோங்காங்கும் அவர் தந்தையும், ‘பொற்சாடி’க்கு ஜாங் ஜுபோவும் உரை கண்டனர். சிறு பேச்சு என்று ஒதுக்கப்பட்டதைச் செவ்விலக்கியத்துக்கு நிகராக வைத்துச் சொல்சொல்லாகப் படித்தவர்கள் அவர்களே. ஓர் எடுத்துக்காட்டுப் போதும். வூ சோங் என்னும் வீரன், மூன்று கிண்ணம் பருகினால் மலை கடக்க முடியாது என்று எழுதிய கடையில் அதனினும் பல மடங்கு பருகிவிட்டு, கைத்தடியோடு மலை ஏறுகிறான். தடியை ஊன்றினான், சாய்த்தான், அக்குளில் இடுக்கினான் என்று கதை போகிற போக்கில் சொல்லிக்கொண்டே வருகிறது. புலி பாய்கிறது. ஓங்கிய தடி மரக்கிளையில் பட்டு முறிகிறது. வெறுங்கையால் புலியைக் கொல்கிறான். ஜின் ஷெங்தான் அந்தத் தடி வரும் இடங்களை எண்ணிக்கொண்டே வருகிறார்! புல்லில் பாம்பு ஊர்ந்த தடம்போல, தெரிந்தும் தெரியாமலும் ஓடும் இழை என்று இவ்வுத்திக்குப் பெயரும் வழங்குகிறார். பின்னர் லீ குய் என்னும் மற்றொரு முரடன் நான்கு புலிகளைக் கொல்கிறான். தன் தாயைப் புலி தின்ற துயரத்தில் கொல்கிறான். ஒரே நிகழ்ச்சியை மீண்டும் எடுத்து, ஒரு சொல்லும் ஒத்துவராமல் எழுதுவதே ஆசிரியர் திறம் என்கிறார் உரையாசிரியர். மணிகள் கோத்த மாலை என்று குறைகூறுவோர் காணத் தவறிய நூல் இதுதான்.

‘மேற்றிசைப் பயண’த்தின் துறவி நமக்கு அயலார் அல்லர். 645இல் சீனம் திரும்பிய யுவான் சுவாங்கே அவர். திராவிட நாட்டையும் காஞ்சி மாநகரையும் பற்றிக் குறிப்பெழுதியவர். வரலாற்று யுவான் சுவாங் அஞ்சா நெஞ்சினர். புதினத்தின் துறவியோ இடர் வரும்போதெல்லாம் கண்ணீர் விடுபவர். அவரை ஆற்றுப்படுத்துவது சுன் வூகோங் என்னும் குரங்கு. இக்குரங்கின் மூலம் அனுமனே என்று 1923இல் ஹூ ஷி எழுதினார். லூ சுன் அதனை ஏற்காது, சீனத்தின் பழைய நீர்ப்பூதக் கதையைச் சுட்டினார். சுவான்ஜோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருப்பதையும், அந்நகரின் கோபுரமொன்றில் 13ஆம் நூற்றாண்டுக் குரங்குவீரன் சிற்பம் இருப்பதையும் சேர்த்துப் பார்த்து மகிழ்வோர் நம்மிடையே உண்டு. மகிழலாம், ஆனால் முடிந்த முடிபாகக் கொள்வதற்கு இவை போதா.

அந்நூலின் இறுதிதான் எனக்கு வியப்பு. நெடுவழி கடந்து புத்தரின் திருமுன் சேர்ந்தவர்களிடம், ஆனந்தரும் காசியபரும் கையூட்டு எதிர்பார்க்கின்றனர்! கிடைக்காமையால் எழுத்தில்லாத வெற்றேடுகளைக் கட்டிக் கொடுத்தனுப்புகின்றனர். திரும்பி வந்து முறையிட்டால், வெற்றேடே மெய்ம்மறை, கீழ்த்திசையார்க்கு அது விளங்காது என்று சிரிக்கிறார் புத்தர். பிச்சைப்பாத்திரத்தைக் கொடுத்தபின் எழுதிய ஏடு கிடைக்கிறது. இதற்கும் பின்னர், பட்ட இன்னல்களைக் கணக்கிட்டு 81க்கு ஒன்று குறைகிறதென்று மீண்டும் ஆற்றில் தள்ளுகின்றனர். பத்தியும் பகடியும் ஒரே மூச்சில் வருவதை எப்படி எடுத்துக்கொள்வது என்று உரையாளர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். அவ்விரண்டையும் பிரிக்க முயலாமல் படிப்பதே நல்லது என்பேன்.

வூ ஜிங்சுவின் அங்கதத்துக்கு இன்று நேரமில்லை. முதுமை நெருங்கும் வரை தேர்வில் தோற்றவன் வென்ற செய்தி கேட்டுப் பித்தனாவதும், கசாப்புக்கார மாமனார் அறைந்து தெளிவிப்பதும், சாகக் கிடக்கும் கருமி இரண்டு விரலை நீட்டியபடியே உயிர்விடாதிருப்பதும், விளக்கில் இரண்டு திரி எரிவதே காரணமென்று மனைவி உணர்ந்து ஒன்றை அணைத்த பின் அமைதியாக இறப்பதும் சீனரெல்லாம் அறிந்தவை.

பாத்திரப் படைப்பைப் பற்றிய இரண்டாம் குற்றச்சாட்டுக்கு விடைசொல்லுமுன், நானே ஒரு குற்றச்சாட்டை வைக்க வேண்டும். ‘மூன்று அரசுக’ளின் 19ஆம் இயலில், தோற்றோடும் லியூ பெய் ஒரு வேடன் வீட்டில் தங்குகிறார். விருந்தினர்க்கு இட இறைச்சி இல்லை. வேடன் தன் மனைவியைக் கொன்று சமைத்து, ஓநாய் இறைச்சி என்று படைக்கிறான். மறுநாள் உண்மை தெரிந்து லியூ பெய் கண்ணீர் விடுகிறார். விட்டுவிட்டுப் பயணம் தொடர்கிறார். வேடனுக்குப் பொன் பரிசாக வருகிறது. அப்பெண்ணுக்குப் பெயரில்லை. கதை சில வரிகளில் அவளைக் கடந்துவிடுகிறது. ‘நீர்க்கரை’யிலும் கணவனை நஞ்சிட்டுக் கொன்ற பான் ஜின்லியானை வூ சோங் பலியிடும் காட்சி, வீரத்தின் கொண்டாட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது. காலத்தின் வழக்கம் என்று சொல்லி இதனைக் கடந்துபோகும் திறனாய்வை நான் நிறையப் படித்துவிட்டேன். கலைத்திறம் மறுக்க முடியாதது. அந்த வேடன் மனைவியும் மறக்க முடியாதவள்.

சீனப் புதினமே அவளை மறக்கவில்லை என்றுதான் நான் இவ்வரலாற்றைப் படிக்கிறேன். ‘பொற்சாடி’யின் ஆசிரியர் என்ன செய்தார்? ‘நீர்க்கரை’யில் வூ சோங்கின் கத்திக்கு இரையான பான் ஜின்லியானை எடுத்து, அவள் சாவைத் தள்ளிவைத்து, அந்த இடைவெளிக்குள் 100 இயல் கொண்ட ஒரு நூலையே நிறுத்திவிட்டார். மலையும் கோட்டையும் போர்க்களமும் மறைகின்றன. ஒரு வணிகனின் வீடு, ஆறு மனைவியர், துணிக்கணக்கு, உணவு, பொறாமை, கடன் இவையே உலகமாகின்றன. நூலின் பெயரே மூன்று பெண்களின் பெயர்களிலிருந்து ஒவ்வோர் எழுத்தாய் எடுத்துத் தொடுத்தது. காமம் மிக்க நூல் என்று அதனை ஒதுக்குவோர், சீனப் புதினம் வீட்டுக்குள் நுழைந்தது இந்த வாயில் வழியாகத்தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவ்வாயில் இல்லையேல் ‘செம்மாடக் கனவு’ இல்லை. சாவ் சுவேச்சினின் குடும்பம் நான்கிங்கில் அரசின் பட்டுநெசவுக் கண்காணிப்பாளராய்ச் செழித்தது. 1728 அளவில் சொத்துகள் பறிமுதலாகிச் சிதைந்தது. பீக்கிங்கின் புறத்தே வறுமையில் இருந்துகொண்டு அவர் இந்நூலை ஆண்டுக்கணக்கில் திருத்தித் திருத்தி எழுதினார். ஏன் எழுதினார் என்பதற்கு நூலின் தொடக்கமே காரணம் சொல்கிறது. தாம் இளமையில் அறிந்த பெண்கள் அறிவிலும் பண்பிலும் தம்மினும் உயர்ந்தவர்கள்; தம் குறைகளை மறைப்பதற்காக அவர்களை மறதிக்கு விட்டுவிடலாகாது என்பது அதன் கருத்து.

உள்மனம் காட்டப்படவில்லை என்போர் இந்நூலின் மூன்றாம் இயலைப் படிக்கட்டும். தாயை இழந்த சிறுமி தாய்யூ பாட்டியின் மாளிகைக்கு வருகிறாள். ஒரு சொல் மிகையாகப் பேசிவிடக் கூடாது, ஓரடி பிறழ்ந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையோடு வருகிறாள். என்ன படித்திருக்கிறாய் என்று பாட்டி கேட்க, நான்கு மறைநூல்களைப் படித்ததாக விடை தருகிறாள். இங்குள்ள பெண்கள் என்ன படிக்கிறார்கள் என்று அவள் கேட்க, படிப்பென்ன, ஏதோ நாலெழுத்துத் தெரியும் என்கிறாள் பாட்டி. சிறிது நேரம் கழித்துப் பாவ்யூ வந்து அதே வினாவைக் கேட்கிறான். இப்போது தாய்யூ, நான் படிக்கவில்லை, சில எழுத்துகள் தெரியும் என்கிறாள். ஆசிரியர் எந்த விளக்கமும் தருவதில்லை. அவள் மனம் புண்பட்டது என்றோ, பாடம் கற்றாள் என்றோ எழுதவில்லை. விடை மாறியிருக்கிறது, அவ்வளவே. அண்டி வாழ வந்த வீட்டில் ஒரு பெண்குழந்தை தன் கல்வியை மறைக்கக் கற்றுக்கொண்டதை இதனினும் சுருக்கமாக எவரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. அதே இயலில், அனைவரும் மூச்சடக்கி நிற்கும் கூடத்துக்குப் பின்கட்டிலிருந்து ஒரு சிரிப்பொலி வருகிறது. உருவம் வருமுன் குரல் வந்துவிடுகிறது. வீட்டின் சாவிகளைக் கையில் வைத்திருக்கும் வாங் சிஃபெங் யார் என்பது, அவள் முகம் காணுமுன்னரே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

பின்னர் லியூப் பாட்டி என்னும் ஏழைக் குடியானவள் விருந்துண்கிறாள். ஒரு கத்தரிக்காய்ப் பண்டத்தின் செய்முறையைக் கேட்டு, பத்துக் கோழி சேர்ந்தால் சுவைக்காமல் என்ன செய்யும் என்று வியக்கிறாள். நாம் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்புக்குள்ளேயே அவ்வீட்டின் வீழ்ச்சிக் கணக்கும் எழுதப்பட்டிருக்கிறது. இறுதியில் சிஃபெங்கின் மகளைக் காப்பவளும் இந்தக் கிழவியே.

சாவ் சுவேச்சின் 1763 அல்லது 1764இல் மறைந்தபோது கையேடுகளாக உலவியவை 80 இயல்களே. ‘செம்மைக்கல்’ என்ற புனைபெயரில் உரை எழுதிய அணுக்கர் ஒருவர், கைநழுவிப் போன பின்பகுதியைப் பற்றிச் சில குறிப்புகளை விட்டுச்சென்றார். 1791இல் செங் வெய்யுவானும் காவ் ஏவும் 120 இயல்களாக அச்சிட்டனர். பிற்பகுதியின் 40 இயல்கள் யாருடையவை என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அக்கையெழுத்து வேறு என்றே ஆய்வாளர் பலர் கருதுவர். ஆயினும் தாய்யூ இறக்கும் வேளையில் மாளிகையின் மறுபுறம் பாவ்யூவின் திருமண இசை ஒலிக்கும் காட்சி அப்பகுதியில்தான் இருக்கிறது. அதை எழுதியவர் எவராயினும், இணைநிறுத்தும் மரபை நன்கு உணர்ந்தவர்.

முடிவு கிடைக்காத நூலுக்கு வாசகர்கள் முடிவெழுதத் தொடங்கினர். அத்தொடர்ச்சிகள் பல, பெரும்பாலானவை தாய்யூவை உயிர்ப்பித்துத் திருமணம் செய்துவைப்பவை. படிக்கப் பொறுமை வேண்டும். அவற்றுள் ஒன்றை மட்டும் குறிப்பிட்டு அமர்கிறேன். 1877இல் பீக்கிங்கில் ‘செம்மாடக் கனவின் நிழல்’ என்னும் 24 இயல் நூல் ஒரு புனைபெயரில் அச்சாயிற்று. அதனை எழுதியவர் கூ தாய்சிங் என்னும் மஞ்சு இனப் பெண் கவிஞர் என்பது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிவாயிற்று. சீனப் பெண் ஒருவர் எழுதி நமக்குத் தெரிய வந்த புதினங்களுள் காலத்தால் முந்தியது அதுவே என்பர். அதன் முன்னுரையும் அவருடைய தோழியாகிய மற்றொரு பெண்பாற் புலவர் எழுதியது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அவர் தாய்யூவை உயிர்ப்பிக்கவில்லை. எஞ்சியிருந்த பெண்கள் அந்த வீட்டை மெல்ல மெல்ல எவ்வாறு நடத்திச் சென்றனர் என்று எழுதினார்.